கணக்கு வரலையா, கேள்வி புரியலையா?



இந்தச் சுவர் இதழில் மரம் வளர்ப்பது பற்றியும் சுகாதாரம் பற்றியும் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் நம் எல்லோருக்கும் பயம் தரும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் வார்த்தைக் கணக்கு.

வள்ளுவர் 392-ஆவது குறளில் எண்ணையும் எழுத்தையும் மனிதருக்கு இரண்டு கண்கள் மாதிரி என்று சொல்கிறார். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எண் கணக்குப் பாட வேளைக்கு, எழுத்து தமிழ்ப் பாட வேளைக்கு என்று பிரித்து வைத்துவிட்டோம். இரண்டும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால் திணறிப் போகிறோம். 50-லிருந்து 35-ஐக் கழி என்றால் எல்லோரும் போடுகிறோம். அதையே நாலு வரியில் கதையாக எழுதினால் "சாய்ஸ்ல விட்டுடலாம்டி" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அப்புறம் விடைத்தாள் வந்ததும் "எனக்குக் கணக்கே வராது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

என் கருத்து இதுதான். நம்மில் பல பேருக்குக் கணக்கு வருகிறது. கேள்வியின் வார்த்தைதான் புரியவில்லை. இது இரண்டும் வேற வேற நோய். ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் குணமாகாது.

இதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் கணக்கு டீச்சர் ஹைடெக் லேபில் ஒரு ஆராய்ச்சியைப் படித்துக் காட்டி விளக்கினார்கள். 1983-ல் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் 5 பறவைகள், 3 புழுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் "புழுக்களை விடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டார். பிறகு அதே மாதிரிப் படத்தைக் காட்டி, "எல்லாப் பறவையும் பறந்து போய் ஆளுக்கு ஒரு புழு பிடிக்கப் பார்த்தால், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று கேட்டார்.

இரண்டுக்கும் விடை 2 தான். போட வேண்டிய கணக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் கேள்விக்கு மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்கு 96 பேர் சரியாகச் சொன்னார்கள்! ஒன்றாம் வகுப்பில் 64 பேராக இருந்தது 100 பேர் ஆனது.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. பிள்ளைகளும் அவர்களேதான், பறவையும் புழுவும் மாறவில்லை. வார்த்தை மட்டும்தான் மாறியது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் "இந்தப் பிள்ளைகளுக்குக் கழித்தல் தெரியாது" என்று எழுதியிருப்பார்கள்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியிடம் நானும் கேட்டேன். "உன்கிட்ட 9 கோலிக்குண்டு, அவன்கிட்ட 6. அவனைவிட உன்கிட்ட எத்தனை அதிகம்?" என்றேன். "ஒன்பது" என்றான். தன்னிடம்தான் அதிகம், அது ஒன்பது என்று அவன் நினைத்துக்கொண்டான். பிறகு "அவனுக்கும் உன் அளவு குண்டு வேணும்னா இன்னும் எத்தனை வாங்கணும்?" என்றேன். யோசிக்காமல் "மூணு" என்றான். அவனுக்குக் கழித்தல் தெரியும். "விட அதிகம்" என்பதுதான் தெரியவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். வார்த்தைக் கணக்கு போட நமக்கு எல்லோரும் சொல்லித் தரும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. "மொத்தம்" என்று வந்தால் கூட்டு. "மீதி" என்று வந்தால் கழி. "அதிகம்" என்றால் கூட்டு. "ஒவ்வொரு" என்றால் வகு. டியூஷனிலும் இதுதான், வீட்டில் அண்ணன் அக்கா சொல்லிக் கொடுப்பதும் இதுதான். இந்த வழி நம்மைக் குழியில் தள்ளுகிறது என்று நான் சொல்கிறேன். கீழே உள்ள நான்கு கேள்விகளைப் பாருங்கள்.

1. இரண்டு கூடைகளிலும் சேர்த்து மொத்தம் 45 மாம்பழங்கள். ஒரு கூடையில் 18 இருந்தால் இன்னொன்றில் எத்தனை?

2. கடையில் 35 ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன். மீதி 15 ரூபாய் இருக்கிறது. கொண்டு போனது எவ்வளவு?

3. கலாவிடம் 12 வளையல்கள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதை விட 4 அதிகம். மாலாவிடம் எத்தனை?

4. ஒவ்வொரு பெட்டியிலும் 24 பென்சில்கள். 6 பெட்டிகளில் எத்தனை?

முதல் கேள்வியில் "மொத்தம்" இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். விடை 27. இரண்டாவதில் "மீதி" இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும். விடை 50. மூன்றாவதில் "அதிகம்" இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். விடை 8. நான்காவதில் "ஒவ்வொரு" இருக்கிறது, ஆனால் பெருக்க வேண்டும். விடை 144. குறுக்கு வழியில் போனவருக்கு நான்கும் தப்பு. ஆனால் இதில் ஒரு கணக்காவது கஷ்டமா? இல்லையே! ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற வார்த்தைகளை விட்டதால் வந்த வினை.

இப்படிப் பழகினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கும் ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1979-ல் பிரான்ஸ் நாட்டில் கிரெனோபிள் என்ற ஊரில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு விடை எழுதிவிட்டார்கள்! ஆட்டுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கவில்லை. எண் இருக்கு, ஏதாவது செய்யணும், அவ்வளவுதான். நம் வகுப்பில் கேட்டாலும் ஒரு சிலர் 36 என்று எழுதுவோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் தமிழில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழய்யா வேற்றுமை உருபு நடத்தும்போது "இது எதுக்கு?" என்று சிலர் கொட்டாவி விடுகிறோம். அந்த உருபுதான் கணக்கில் விடையையே மாற்றுகிறது. "4-ஆல் 20-ஐ வகு" என்றால் 5. "4-ஐ 20-ஆல் வகு" என்றால் ஐந்தில் ஒரு பங்கு. எண்கள் அதே வரிசையில் இருக்கின்றன. ஆல், ஐ இரண்டும் இடம் மாறின, அவ்வளவுதான். "3-ஐ 8-லிருந்து கழி" என்றால் 5. "3-லிருந்து 8-ஐக் கழி" என்றால் குறை 5.

சந்தையில் பாருங்கள். கிலோ 50 ரூபாய் விற்ற தக்காளி "20 ரூபாய் குறைந்தது" என்றால் இப்போது விலை 30. "20 ரூபாயாகக் குறைந்தது" என்றால் விலை 20. "ஆக" என்ற சின்னச் சொல்லுக்குப் பத்து ரூபாய் மதிப்பு! "குறைந்தது 20 ரூபாயாவது வேண்டும்" என்றால் அங்கே எதுவுமே குறையவில்லை. அதற்கு 20-க்குக் கீழே போகாது என்று பொருள். ஒரே "குறைந்தது" இரண்டு வேலை செய்கிறது.

மேல் வகுப்புக்குப் போனால் இது இன்னும் பெரிதாகிறது. "ஓர் எண்ணின் இரு மடங்குடன் 6-ஐக் கூட்ட 20 கிடைக்கிறது" என்றால் அந்த எண் 7. "ஓர் எண்ணுடன் 6-ஐக் கூட்டி, வருவதை இரு மடங்காக்க 20 கிடைக்கிறது" என்றால் அந்த எண் 4. அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இங்கே தப்பு செய்பவருக்கு இயற்கணிதம் தெரியாது என்று சொல்ல முடியுமா? வாக்கியத்தைத்தான் அவர் சரியாகப் பிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் கணக்கைப் பாட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற நூல் முழுக்கச் செய்யுள்தான். பலாப்பழத்தை வெட்டாமலே காம்புக்குப் பக்கத்தில் உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளையின் எண்ணிக்கையைச் சொல்லும் வழி அதில் வருகிறது. பாட்டின் பொருள் தெரிந்தால்தான் கணக்கைத் தொட முடியும். அவர்களுக்குத் தமிழ்ப் பாட வேளையும் கணக்குப் பாட வேளையும் ஒன்றாக இருந்திருக்கிறது.

வார்த்தை எப்போதும் நம்மைக் கஷ்டப்படுத்தத்தான் செய்யும் என்று நினைக்காதீர்கள். தெரிந்த வார்த்தையாக இருந்தால் அதுவே கைகொடுக்கும். நம் பள்ளியில் சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பூ விற்பவர்கள் இருக்கிறார்கள். "முழம் இருபது ரூபாய், மூணரை முழம் குடும்மா" என்று கேட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், பூவை அளந்து முடிக்கும் முன்பே முப்பது ரூபாய் பாக்கி கைக்கு வந்துவிடும். அதே பிள்ளையிடம் வகுப்பில் "ஒரு மீட்டர் கயிற்றின் விலை ரூ.20 எனில் 3.5 மீட்டர் கயிற்றின் விலை யாது?" என்று கேட்டால் பேனாவைக் கடிக்கிறாள். 20 × 3.5 என்று பலகையில் எழுதினால் புள்ளியை எங்கே வைப்பது என்று முழிக்கிறாள்.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. 1985-ல் பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்தில் கராஹெர், ஷ்லீமன் முதலான ஆய்வாளர்கள் தெருவில் தேங்காய் மாதிரிப் பொருள்கள் விற்கும் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கவனித்தார்கள். வியாபாரத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74 சரி. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 தான் சரி. ஐந்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான் என்றாலும், நம் பூக்காரப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அது உண்மை என்று தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எல்லாப் பாடமும் பாஸ். கணக்கில் மட்டும் 35 வரவில்லை. "உனக்குக் கணக்கு வராது, விடு" என்று வீட்டில் சொன்னார்கள். துணைத் தேர்வு எழுத அனுப்பவில்லை. இப்போது நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ போடும் ஒருவரிடம் பூக் கட்டுகிறார்கள். கூட இருக்கும் ஆறு பேரின் கூலியையும் எடைக்குத் தக்கபடி பிரித்து மனசிலேயே சொல்வது அந்த அக்காதான். பேப்பர் பேனா கிடையாது. ஒரு நாளும் தப்பு வந்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு வராது என்று நிறுத்தப்பட்டவருக்குத்தான் அந்த இடத்தில் எல்லோரையும் விட நன்றாகக் கணக்கு வருகிறது! ஆண் பிள்ளை தவறினால் மறுபடி எழுதச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை தவறினால் அதோடு முடிந்தது என்கிறார்கள். அதனால்தான் "கணக்கு வராது" என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன் பத்து தடவை யோசிக்க வேண்டும் என்கிறேன்.

சிலர் கேட்கலாம், "அப்படின்னா எல்லாக் கேள்வியையும் எளிதாக்கிக் கொடுக்கச் சொல்றியா?" என்று. இல்லவே இல்லை. கடினமான வாக்கியத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏன்னா வெளியில் நமக்காக யாரும் எளிதாக எழுத மாட்டார்கள். ஜவுளிக் கடையில் "50% வரை தள்ளுபடி" என்று போர்டு இருக்கும். "வரை" என்பது சின்ன எழுத்தில் இருக்கும். எல்லாத் துணிக்கும் பாதி விலை என்று நினைத்துப் போனால் ஏமாந்து வர வேண்டியதுதான். "50% தள்ளுபடி, அதற்கு மேல் இன்னும் 20%" என்றால் 70% என்று நினைப்போம். 100 ரூபாய்ச் சேலை 50 ஆகி, அந்த 50-ல் 20% குறைந்து 40 ஆகும். ஆக 60% தான் தள்ளுபடி.

வட்டியைப் பாருங்கள். "நூத்துக்கு ரெண்டு வட்டிதான்" என்று கடன் கொடுப்பவர் சொன்னால் ரொம்பக் குறைச்சலாகத் தெரியும். அது மாசத்துக்கு. 10,000 ரூபாய் வாங்கினால் மாசம் 200, வருஷத்துக்கு 2,400. நம் புத்தகத்தில் இதை "ஆண்டுக்கு 24% தனிவட்டி" என்று எழுதுவார்கள். 24% என்று சொல்லியிருந்தால் எங்கம்மா வாங்குவதற்கு முன் யோசித்திருப்பார்கள். பணம் ஒன்று, வட்டி ஒன்று, சொன்ன விதம்தான் வேறு. அந்த விதத்தைப் புரிந்துகொள்ளத்தான் வார்த்தைக் கணக்கு படிக்கிறோம் என்று நான் நினைக்கிறேன். அதனால் அது நமக்குக் கட்டாயம் வேண்டும். அதைச் சொல்லித் தரும் முறைதான் மாற வேண்டும்.

2022-ல் தமிழ்நாடு அரசு சின்ன வகுப்புகளுக்கு ஒரு திட்டம் தொடங்கியபோது அதற்கு "எண்ணும் எழுத்தும்" என்றே பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இரண்டும் சேர்ந்து இருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்பிலும் சேர்த்தே வைத்துக்கொள்வோமே!

ஆசிரியர்களிடம் பணிவாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வார்த்தைக் கணக்கைப் பலகையில் போடுவதற்கு முன், எங்களில் ஒருவரை எழுப்பி "கதையை உன் சொந்த வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். எண்ணே இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது, எது தெரியாது என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

இரண்டு: விடை தப்பாக இருந்தால், அதே கணக்கை வேறு வார்த்தையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் உதவி வேண்டும். அப்போதும் வராவிட்டால் கணக்கில் உதவி வேண்டும். எது என்று தெரிந்துவிடும்.

மூன்று: மாதத்துக்கு ஒரு நாளாவது தமிழய்யாவும் கணக்கு டீச்சரும் சேர்ந்து ஒரே வகுப்பு எடுங்கள். வேற்றுமை உருபுக்கு உதாரணம் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம். எங்களுக்கும் ஜாலியாக இருக்கும்!

நம் மாணவ மாணவியருக்கும் சொல்கிறேன். கேள்வியை இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். தேர்வு அறையில் மனசுக்குள் படியுங்கள். ஒரு வார்த்தையைப் பார்த்ததும் கூட்டலுக்கோ கழித்தலுக்கோ பாயாதீர்கள். கட்டம் போட்டு, கோடு போட்டுப் படமாக வரையுங்கள். விடை வந்ததும் அதை முழு வாக்கியமாக எழுதி, "இது நடக்குமா?" என்று பாருங்கள். 110 பேர் சுற்றுலா போக, ஒரு வேனுக்கு 20 பேர் என்றால் வகுத்தால் 5, மீதி 10 என்று வரும். 5 வேன் என்று எழுதினால் பத்துப் பேரை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்று அர்த்தம். 6 வேன் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இனிமேல் யாராவது "எனக்குக் கணக்கு வராது" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "எந்த வார்த்தை புரியலை?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி யாரோ ஒருவரின் படிப்பை நிற்காமல் காப்பாற்றலாம்.

நீங்கள் யோசிக்க ஒரு கேள்வி: "ஒரு பூக்காரம்மா காலையில் கொண்டு வந்த பூவில் பாதியை மதியத்துக்குள் விற்றார். பிறகு மீதியில் பாதியை விற்றார். இப்போது 6 முழம் இருக்கிறது. காலையில் கொண்டு வந்தது எத்தனை முழம்?" விடையை எழுதிக் கீழே உள்ள உறையில் போடுங்கள். கூடவே, இதே கேள்வியை இன்னும் எளிதாகப் புரியும்படி உங்கள் வார்த்தையில் எழுதிப் போடுங்கள். நன்றாக எழுதியவர்களின் கேள்வி அடுத்த சுவர் இதழில் இடம்பெறும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி